மூளையின் ஏட்டைப் பதிப்பிப்பவர்கள்: ஒரு மதிப்பீடு

"சமணரும் தமிழும்னு ஒரு கட்டுரை குடுத்துடுங்க நயினார்" என்று மலர்க் குழு அன்பர்கள் இந்த வருஷமும் கேட்டார்கள். அந்த மாவைப் பெரியவர்கள் பலர் அரைத்தாயிற்று. நானும் என் பங்குக்கு மூன்று மலர்களில் அரைத்திருக்கிறேன். இந்த முறை வேறு சரக்கு. வாய் பேச முடியாமல் போனவர்களின் மூளையில் மின்முனைகளைப் பதித்து, அவர்கள் சொல்ல நினைத்ததைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துச் சொல்கிறது என்று சில ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. தமிழோ கன்னடமோ ஆங்கிலமோ, எதை எடுத்தாலும் தலைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: மனதைப் படிக்கும் மிஷின்.

நான் பி.யு.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆரணிப் பக்கத்திலிருந்து பெங்களூர் அரிசி மண்டிக்கு வந்தவன். விஞ்ஞானி இல்லை. ஆனால் ஏடு, சுவடி, பாடபேதம் என்று நாற்பது வருஷம் புரட்டியவன். பதிப்பாசிரியர் ஏட்டில் எதை வாசித்தார், எதைத் தானே சேர்த்தார் என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. மத்தியானம் லோடு வராத நேரத்தில், தம்பி மகள் அச்சடித்துக் கொடுத்த ஏழெட்டு ஆய்வுக் கட்டுரைகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். செய்திருக்கிற வேலை மிகப் பெரியது. ஆனால் வைத்த பெயர் தப்பு. பெயர்தானே, போகட்டும் என்று விட முடியாத தப்பு.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் எட்வர்ட் சாங் என்ற மூளை அறுவை மருத்துவர் இருக்கிறார். மூளைத்தண்டில் பக்கவாதம் வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் பேச்சில்லாமல் இருந்த ஒருவருக்கு, மூளையின் மேற்பரப்பில் மின்முனைத் தகடு ஒன்றை வைத்து, 50 சொற்களை மட்டும் பழக்கினார்கள். அந்த 50 சொற்களால் ஆன வாக்கியங்களை நிமிஷத்துக்குச் சுமார் 15 சொல் வேகத்தில் திரையில் வரவழைத்தார்கள். இது 2021 ஜூலையில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. 2023 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள்: ஸ்டான்ஃபோர்டு குழு நிமிஷத்துக்கு 62 சொல், சாங் குழு 78 சொல். நாம் சாதாரணமாகப் பேசுவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 150 சொல். 2024 ஆகஸ்டில் அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக் குழு, ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோயால் பேச்சுக் குழறிப்போன 45 வயதுக்காரர் ஒருவருக்கு 256 மின்முனைகள் வைத்து, 1,25,000 சொல் கொண்ட அகராதியோடு, எட்டு மாதத்துக்கு மேல் 97.5 சதவீதம் சரியாக வந்தது என்று காட்டியது. நோய் வருவதற்கு முன் பதிவான அவருடைய சொந்தக் குரலைப் போலவே கம்ப்யூட்டர் அதைப் படித்தும் காட்டியது. இவையெல்லாம் இன்றைக்கும் ஆராய்ச்சி அளவில் உள்ளவைதான். காசு கொடுத்தால் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை.

கம்ப்யூட்டர் எப்படிக் கற்கிறது? திரையில் ஒரு வாக்கியம் வரும். நோயாளி அதைச் சொல்ல முயல்வார். வாயிலிருந்து ஒன்றும் வராது, அல்லது குழறலாக வரும். அந்த நேரத்தில் மூளையில் எழுந்த மின் அதிர்வுகளைக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கான வாக்கியம். எங்கள் மண்டியில் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாலே பழசா புதுசா, எந்த ரகம் என்று சொல்லிவிடுகிற ஆள் உண்டு. அவனுக்கு யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுக்கவில்லை. மூட்டை மூட்டையாகப் பார்த்தே கற்றான். மிஷின் கற்பதும் அந்த வழிதான். டேவிஸ் மிஷின் ஒரு வினாடியைப் பன்னிரண்டு பங்குபோல நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஆங்கிலத்தின் 39 ஒலிகளில் எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுகிறது. அதற்கப்புறம்தான் சொல், வாக்கியம் எல்லாம்.

சரி, மூளையில் எந்த இடத்தில் மின்முனை வைத்தார்கள்? மனம் இருக்கிற இடத்திலா? இங்கேதான் பத்திரிகைக்காரர்கள் கவனிக்காமல் விட்டார்கள். வைத்தது உதடு, நாக்கு, தாடை, குரல்வளை இவற்றை அசைக்கக் கட்டளை கொடுக்கிற இடத்தில். 2013லேயே சாங் குழு அந்தப் பரப்பை வரைபடமாகப் போட்டுவிட்டது. உதட்டுக்கு ஓரிடம், நாக்குக்கு ஓரிடம், குரல்வளைக்கு ஓரிடம். மிஷின் படிப்பது "இந்த மனிதர் என்ன நினைக்கிறார்" என்பதை அல்ல. "இவர் நாக்கை எங்கே வைக்கப் பார்க்கிறார், உதட்டைக் குவிக்கப் பார்க்கிறாரா" என்பதைத்தான்.

இதற்குச் சரியான சொல் நம் நன்னூலில் இருக்கிறது. எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று சொல்ல வந்த பவணந்தி முனிவர் முதலில் வைப்பது காற்றையோ நாக்கையோ அல்ல, உயிரின் முயற்சியை. அந்த முயற்சியால் உள்காற்று தள்ள, அணுக்கூட்டம் எழும்பி, மார்பு, கழுத்து, தலை, மூக்கு என்ற இடங்களைச் சேர்ந்து, இதழ், நா, பல், அண்ணம் இவற்றின் தொழிலால் வேறுவேறு எழுத்தொலி ஆகிறது என்பது அவர் வரிசை. ஒலி அணுவால் ஆனது என்பது எங்கள் சமண மதக் கொள்கை. அதை இலக்கணத்திலும் கொண்டுவந்து வைத்தார். (அவருக்கு ஆதரவு தந்த சீயகங்கன், நமக்குப் பக்கத்திலிருக்கும் கோலாரைத் தன் பட்டப்பெயரில் வைத்திருந்த கங்கர் குலத்தவன். பெங்களூர்த் தமிழர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.) ஆக, பேச்சு என்பது முயற்சியில் தொடங்கி, இடம் பெற்று, உறுப்பின் தொழிலில் முடிகிறது. பேச்சிழந்த அந்த மனிதர்களுக்கு முயற்சி இருக்கிறது, உறுப்பின் தொழில் இல்லை. மின்முனை நிற்பது இரண்டுக்கும் நடுவில்.

உடனே, "பார்த்தீங்களா, அமெரிக்காக்காரன் இப்போ கண்டுபிடிச்சதை பவணந்தி எப்பவோ சொல்லிட்டார்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். மலர்க் கட்டுரைகளில் இது ஒரு வியாதி. பவணந்தி மூளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மின்சாரத்தைப் பற்றியும் சொல்லவில்லை. வாயைக் கவனித்தார், நன்றாகக் கவனித்தார், அவ்வளவுதான். நான் அவரிடம் கடன் வாங்குவது 'முயற்சி' என்ற ஒரு சொல்லை மட்டும். மனதைப் படிக்கும் மிஷின் என்பதற்குப் பதிலாக, முயற்சியைப் படிக்கும் மிஷின் என்று எழுதியிருந்தால் எனக்கு வழக்கே இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் தத்துவத்திலிருந்து ஒரு பிரிவைச் சொல்கிறேன். தத்துவார்த்த சூத்திரம் அறிவை ஐந்தாகப் பிரிக்கும்: மதி, சுருதம், அவதி, மனப்பரியாயம், கேவலம். பொறியும் மனமும் துணையாக வருவது மதி. சொல்லையும் குறியையும் கொண்டு வருவது சுருதம். இந்த இரண்டும் மறைமுக அறிவு, தப்பும். பிறர் மனதின் ஓட்டத்தை நேராக அறிவதுதான் மனப்பரியாயம். அது ஒழுக்கத்தில் உயர்ந்த துறவிக்கு மட்டுமே வாய்க்கும் என்று விதி. நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் விடட்டும். பிரிவினையில் உள்ள அறிவைப் பாருங்கள். பிறர் மனதை நேராகக் காண்பது வேறு, குறிகளைக் கொண்டு ஊகிப்பது வேறு. மிஷின் செய்வது இரண்டாவது. "மனதைப் படிக்கிறது" என்று சொன்ன மாத்திரத்தில் முதலாவதற்கு உரிய மரியாதையை இதற்குக் கொடுத்துவிடுகிறோம். ஊகம் சாட்சியாகிவிடுகிறது. கேட்கிறவர் மறுபேச்சு பேச மாட்டார்.

ஊகம் எவ்வளவு, வாசிப்பு எவ்வளவு என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2021ஆம் வருஷத்துக் கட்டுரையில், மூளை அதிர்வை மட்டும் வைத்துச் சொல் கண்டபோது நூற்றுக்குச் சுமார் 60 சொல் தப்பு. ஆங்கிலத்தில் எந்தச் சொல்லுக்கு அப்புறம் எந்தச் சொல் வருவது வழக்கம் என்ற மொழிக் கணக்கைச் சேர்த்ததும் தப்பு நூற்றுக்குச் சுமார் 25 ஆகக் குறைந்தது. இரண்டு எண்ணையும் ஒளிக்காமல் அச்சிட்ட அந்தக் குழுவை நான் மதிக்கிறேன். அந்த முப்பத்தைந்து சொல்லும் எங்கிருந்து வந்தன? நோயாளியின் மூளையிலிருந்து மட்டும் வரவில்லை. ஊர் பேசுகிற பேச்சின் சராசரியிலிருந்து சேர்ந்து வந்தன.

சுவடி பார்த்தவர்களுக்கு இது பழகின சங்கதி. ஏட்டில் செல்லரித்த இடம் வரும். அங்கே என்ன சொல் இருந்திருக்கும் என்று யாப்பு தெரிந்தவனுக்கு ஓரளவு ஊகிக்க வரும். எதுகை இன்னது, சீர் இத்தனை அசை, இந்தப் புலவர் இப்படித்தான் எழுதுவார் என்று நிரப்பிவிடலாம். நிரப்பினால் பாட்டு அழகாக ஓடும். நல்ல பதிப்பாசிரியர் அங்கே நிரப்புவதில்லை. புள்ளி வைப்பார், அல்லது ஊகம் என்று அடிக்குறிப்பில் சொல்வார். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சைவரான அவர் சமண நூலில் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். தனக்குத் தோன்றியதை எழுதிவிட்டுப் போகவில்லை. எங்கள் சமூகத்தார் அவரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவது அதற்காகத்தான்.

மூளைப் பேச்சு மிஷினும் ஒரு பதிப்பாசிரியன்தான். மூளை என்ற ஏட்டில் பாதி எழுத்து தெரிகிறது, பாதி தெரியவில்லை. தெரியாத இடத்தை நிரப்புகிறான். நிரப்புவது குற்றமில்லை, நிரப்பாவிட்டால் அந்த மனிதருக்குப் பிரயோஜனமும் இல்லை. ஆனால் எந்த இடத்தில் நிரப்பினான் என்று திரையில் புள்ளி வைப்பதில்லை. எல்லாச் சொல்லும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் வருகிறது. என் குறை இது ஒன்றுதான்.

நிரப்புவது எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மண்டையைத் திறக்காமல், தலையில் தொப்பி போல மாட்டி ஈ.ஈ.ஜி. எடுத்து, ஒருவர் படிக்கிற வாக்கியத்தை அப்படியே எழுத்தில் கொண்டுவந்துவிட்டதாக 2022இல் ஒரு கட்டுரை வந்தது. அதைப் பின்பற்றி வேறு சிலரும் எழுதினார்கள். 2024இல் வேறொரு குழு உட்கார்ந்து சோதித்தது. பரீட்சை வைத்தபோது, அடுத்த சொல்லைச் சொல்வதற்கு முன்னால் அதுவரைக்குமான சரியான விடையை மிஷினுக்குக் காட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்! பையனுக்கு விடைத்தாளை ஒவ்வொரு சொல்லாகக் காட்டி, அடுத்த சொல் என்னடா என்று கேட்பது போல. மூளை அலைக்குப் பதிலாக வெறும் இரைச்சலைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே மார்க் வந்தது. ஏடே இல்லாமல் ஒரு பதிப்பு! வாசகர்கள் சிரிக்கலாம். ஆனால் இந்த வகை மிஷினைப் பற்றிய செய்தியையும் நாம் 'மனதைப் படிக்கும்' என்ற அதே தலைப்பில்தான் படித்தோம்.

இன்னொரு வகை, 2023 மே மாதம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பெரிய எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, 16 மணி நேரம் கதை கேட்க வைத்து, மூளையில் ரத்த ஓட்டம் மாறுகிற விதத்தைக் கொண்டு கதையின் கருத்தைப் பிடித்தார்கள். எழுதியவர்கள் நால்வரில் ஒருவர் பெயரில் ஜெயின் என்று இருந்தது; எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். இதில் கிடைப்பது சொல் அல்ல, பொழிப்புரை. கதையில் பேசுகிறவர் தனக்கு இன்னும் டிரைவிங் லைசென்ஸ் வரவில்லை என்கிறார். மிஷின், அவள் வண்டி ஓட்டக் கற்கவே இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று எழுதுகிறது. கருத்து பக்கத்தில் நிற்கிறது, ஆள் மாறிவிட்டார். உள்ளே படுத்திருப்பவர் ஒத்துழைக்காமல் மனதுக்குள் ஏழு ஏழாக எண்ணினாலோ மிருகங்களின் பெயரை அடுக்கினாலோ மிஷின் கைவிரித்துவிட்டது. இதைக் கட்டுரை எழுதியவர்களே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். பொழிப்புரையைப் பொழிப்புரை என்று சொல்லிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூலம் என்று விற்கக் கூடாது.

இதையெல்லாம் இவ்வளவு உன்னிப்பாக நான் பார்த்ததற்குக் காரணம் உண்டு. என் பெரிய அண்ணன் ஊரில் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷம் இருந்தார். கையும் காலும் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை. "அதான்" என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். பசித்தால் அதான், கோபம் வந்தால் அதான், என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாலும் அதான். 1861இல் பாரிசில் பால் ப்ரோகா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற ஓரசை மட்டும் மிஞ்சியிருந்ததாகப் படித்தபோது எனக்கு அண்ணன் முகம்தான் வந்தது. அண்ணி, பிள்ளைகள், நான் எல்லோரும் ஊகித்துக்கொண்டே இருப்போம். தண்ணியா? ஃபேனைப் போடணுமா? கோயிலுக்குப் போகணுமா? நாலைந்து கேள்விக்கு அப்புறம் அவர் தலையை ஆட்டிவிடுவார். அது சரி என்பதற்கான ஆட்டலா, போதும் விடுங்கடா என்பதற்கான ஆட்டலா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இங்கே குடும்பங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பேச்சு போவது இரண்டு விதம். மொழி முழுசாக உள்ளே இருந்து, வாய்க்குப் போகிற வழி அறுந்து போவது ஒன்று. மொழியைக் கட்டுகிற இடமே அடிபட்டுப் போவது மற்றொன்று. நான் மேலே சொன்ன மின்முனை ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் எல்லோரும் முதல் வகை. மூளைத்தண்டுப் பக்கவாதம், இல்லாவிட்டால் ஏ.எல்.எஸ். அண்ணன் இரண்டாம் வகை. சொல்லே கூடாதபோது சொல்ல முயல்வதைப் படிக்கிற மிஷின் என்ன செய்யும்? ஆனால் "மனதைப் படிக்கும் மிஷின்" என்று செய்தி வந்த அன்று அண்ணன் மகன் எனக்குப் போன் போட்டான்: "சித்தப்பா, அப்பாவுக்கு இது வந்திருந்தா பேசியிருப்பாரு இல்ல?" மனதைத்தானே படிக்கிறது, மனம்தான் அவரிடம் இருந்ததே என்பது அவன் நியாயம். தலைப்பு போட்டவர் செய்த வேலை அது.

ப்ரோகா பெயரால் வழங்குகிற அந்த இடத்தைப் பற்றி ஒரு இடைக்குறிப்பு. அதுதான் பேச்சின் இடம் என்று நூற்றைம்பது வருஷமாகப் பாடப்புத்தகத்தில் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு குழு 2023இல் அங்கேயும் மின்முனை வைத்துப் பார்த்தது. பேச்சு முயற்சியைப் பற்றி அங்கே அனேகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் வாய் உறுப்புகளை அசைக்கிற பட்டையில்தான்.

இனி நம் மொழிக்கு வருவோம். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தவை. தமிழுக்கு வரும்போது சில சிக்கல்கள் நேராகத் தெரிகின்றன. 1,25,000 சொல் என்பது ஆங்கிலத்துக்குப் பெரிய அகராதி. தமிழில் 'வா' என்ற ஒரு வினையிலிருந்து வந்தேன், வரலை, வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்தும் என்று போய்க்கொண்டே இருக்கும். சொற்பட்டியல் போட்டு மாளாது. துண்டு துண்டாகக் கட்டத் தெரிந்த மிஷின் வேண்டும். அதிர்ஷ்டமும் உண்டு. க என்ற ஓரெழுத்து கல், பகல், தங்கம் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. நாக்கு செய்கிற வேலை வேறாக இருந்தாலும் இடத்தைப் பார்த்தே எழுத்தைத் தீர்மானித்துவிடலாம்.

பெரிய சிக்கல் அகராதி இல்லை. நிரப்புகிற மொழிக் கணக்கு யாருடைய தமிழிலிருந்து கற்றது என்பதுதான். பத்திரிகைத் தமிழில் கற்றால், ஆரணிக் கிழவருக்கு அது பத்திரிகைத் தமிழ்தான் பேசிக் கொடுக்கும். பேரப்பிள்ளை "தாத்தா ஏன் நியூஸ் வாசிக்கிறாரு?" என்று கேட்பான்! அது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். இன்னொன்றைப் பாருங்கள். 'வேணும்', 'வேணாம்' இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிரொலிதான் வித்தியாசம். ஒன்றில் உகரம், மற்றொன்றில் ஆகாரம். மூளை அதிர்வு அந்த இடத்தில் மங்கலாக இருந்தால் மொழிக் கணக்குதான் தீர்ப்புச் சொல்லும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற தமிழர்களில் பெரும்பாலோர் என்ன சொல்வார்கள்? வேணும் என்றுதான். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்று நாற்பது வருஷம் விரதம் காத்த ஒரு சமணப் பெரியவர் சொல்ல முயன்றது வேணாம். சராசரி அவரைத் தோற்கடித்துவிடும். சிறுபான்மையோர் பேச்சு, அபூர்வச் சொல், ஒருவருடைய பிடிவாதம், இவையெல்லாம்தான் நிரப்புகிற இடத்தில் முதலில் அழிகின்றன. ஏடெழுதினவன் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதிவிட்ட கதைதான் இதுவும்.

நம்மைப் போல வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கு 2024இல் வந்த இன்னொரு கட்டுரை நெருக்கமானது. முதலில் சொன்ன அந்த 50 சொல் மனிதருக்குத் தாய்மொழி ஸ்பானிஷ். ஆங்கிலம் வளர்ந்தபின் கற்றது. அவர் இரண்டு மொழியிலும் பேச முயலும்போது மூளையில் உறுப்புத் தொழில் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. ஒரு மொழியில் பழக்கியது மற்றதற்கும் உதவியது. இப்போது பேசுவது எந்த மொழி என்று பிரித்துச் சொன்னது மொழிக் கணக்கு. நன்னூலார் சொன்ன இதழ், நா, பல், அண்ணம் எல்லா மொழிக்கும் பொதுதானே. ஆனால் நாம் ஒரே வாக்கியத்தில் "நாளே பெளிக்கே லோடு வந்துடும் சேட்" என்று கன்னடம், ஆங்கிலம், தமிழ், இந்தி நாலையும் கலந்து அடிப்பவர்கள். நமக்கு எந்தக் கணக்கைப் போடுவார்களோ!

இதுவரை சொன்னது முயன்ற பேச்சு. முயலாத பேச்சு, மனதுக்குள்ளேயே ஓடுகிற பேச்சு? தொல்காப்பியர் பிறப்பியலின் முடிவில் இதற்கு ஓர் எல்லை போட்டார். (அவரையும் சமணர் என்று எங்களவர்கள் உரிமை கொண்டாடுவார்கள், அந்த வழக்கு இங்கே வேண்டாம்.) உள்ளே எழுகிற ஒலியும் அதன் அளவும் அந்தணர் மறையில் சொல்லப்பட்டவை, நான் சொன்னது வெளியே வந்து பொருளோடு இசைக்கிற ஒலியைத்தான் என்று நிறுத்திக்கொண்டார். ஸ்டான்ஃபோர்டு குழு நிறுத்தவில்லை. 2025 ஆகஸ்டில் 'செல்' இதழில் வந்த கட்டுரையில், வாயை அசைக்க முயலாமல் மனதுக்குள் சொல்லிக்கொண்ட வாக்கியங்களையும் அதே மின்முனைகளால் பிடித்துக் காட்டினார்கள். முயன்ற பேச்சின் மங்கிய நிழல் போல அது இருந்ததாம். சிறந்த அளவில் 74 சதவீதம் சரி. திரையிலுள்ள வட்டங்களை எண்ணச் சொன்னபோது, மனதுக்குள் எண்ணிய எண்களும் கொஞ்சம் அகப்பட்டன. சொல்ல விரும்பாதது வெளியே வந்துவிடாமல் இருக்க அவர்களே ஒரு பூட்டும் செய்தார்கள். மனதுக்குள் ஒரு திறவுச்சொல்லைச் சொன்னால்தான் மிஷின் கேட்க ஆரம்பிக்கும். அதை 98 சதவீதத்துக்கு மேல் சரியாக அடையாளம் கண்டது. மனம், வாக்கு, காயம் மூன்றையும் காக்கிற மூன்று குப்திகளைப் பற்றிப் படித்து வளர்ந்தவன் நான். மனத்தைக் காக்க ஒரு கதவு வேண்டும் என்று எஞ்சினியர்களுக்குத் தாங்களாகவே தோன்றியது எனக்குத் திருப்தி. இந்த ஒரு கட்டுரையைப் பார்த்து மட்டும் பத்திரிகைக்காரர்கள் தலைப்பை நியாயப்படுத்தலாம். அப்போதும் பிடிபடுவது மனதுக்குள் சொல்லாக உருவானது மட்டும். சொல்லாகாத மனம் பிடிபடவில்லை.

பெயர் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே சட்டக் காரணமும் உண்டு. 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், உண்மை அறியும் ஊசி, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை மூன்றையும் ஒருவர் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று தீர்ப்பளித்தது. தன்னைக் குற்றவாளியாக்கும் சாட்சியைத் தானே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 20(3) பிரிவு அதற்கு அடிப்படை. அந்தச் சோதனைகள் இன்றைய மின்முனைக்குப் பக்கத்தில் பொம்மை மாதிரி. அவற்றுக்கே போலீசும் பொதுஜனமும் மயங்கியதற்குக் காரணம் "உண்மையைக் கண்டுபிடிக்கும்" என்ற பெயர்தான்.

கடைசியாக, நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. டேவிஸ் குழுவில் மைத்ரேயி வைராகர் முதன்மை ஆசிரியராக 2025இல் நேச்சர் இதழில் எழுதியது. அதே ஏ.எல்.எஸ். மனிதர், அதே 256 மின்முனை. ஆனால் இந்தத் தடவை அகராதி இல்லை, மொழிக் கணக்கு இல்லை. முயற்சியிலிருந்து நேராக ஒலி, உடனுக்குடனே. கேட்டவர்களுக்கு அவர் சொன்னதில் ஏறக்குறைய 60 சதவீதம் சொல் விளங்கியது. மிஷின் இல்லாமல் அவர் பேசினால் 4 சதவீதம்தான் விளங்கும். எழுத்து வழியில் 97.5 வந்த மனிதருக்கு இதில் 60தான். ஆனால் கேள்வி கேட்கும்போது குரலை உயர்த்த முடிந்தது. வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் அழுத்திச் சொல்ல முடிந்தது. அகராதியில் இல்லாத, அர்த்தமில்லாத சொல்லையும் சொல்ல முடிந்தது. சின்ன மெட்டு ஒன்றையும் முனகினார். செல்லரித்த இடம் செல்லரித்ததாகவே தெரிகிற பதிப்பு அது. மருந்து கேட்க, கணக்குப் பார்க்க, வக்கீலிடம் பேச எனக்கு 97.5 போதும், கொண்டா என்பேன். வீட்டாரோடு பேச அறுபதைத்தான் கேட்பேன்.

எழுத்து வழிக்கும் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். டேவிஸ் மிஷினில் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அது சரியா தப்பா என்று அந்த மனிதரே கண்ணசைவால் காட்டலாம். ஆசிரியரே மெய்ப்புப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் களைத்துப்போன மனிதர் கிட்டத்தட்டச் சரியாக வந்த வாக்கியத்துக்குத் தலையாட்டிவிடுவார். எங்கள் வீட்டில் மூன்று வருஷம் அதைப் பார்த்தோம். தம்பி மகளிடம் கேட்டேன்: "ஏம்மா, எந்தச் சொல்லை மூளையிலிருந்து எடுத்தது, எதை வழக்கத்திலிருந்து நிரப்பினதுன்னு மிஷினுக்குத் தெரியாதா?" ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த நிகழ்தகவுக் கணக்கு உள்ளேயே இருக்கும் பெரியப்பா, நிரப்பின சொல்லைத் திரையில் கொஞ்சம் மங்கலாகக் காட்டுவது பெரிய வேலையே இல்லை என்றாள். "அப்போ காட்டச் சொல்லு" என்றேன். அவள் கம்பெனி இந்த வேலை செய்கிற கம்பெனி இல்லையாம்.